ஓடும் வண்டிக்குள் ஒரு வலைப்பின்னல்: பேருந்துக் கேமராக்களுக்கு ரூட்டரும் விபிஎன்னும் பொருத்திய அனுபவம்

ஒவ்வொரு சிறு பேருந்திலும் நான்கு கேமராக்கள், அவற்றின் காட்சிகளைச் சேமிக்க ஒரு பதிவுக்கருவி. இவை ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. ஏதாவது நடந்துவிட்டால் பதிவுக்கருவியின் பூட்டைத் திறந்து, வன்தட்டைக் கழற்றி எடுத்து வந்து பார்ப்பதுதான் அதுவரை இருந்த வழக்கம். வண்டி சாலையில் இருக்கும்போதே அலுவலகத்திலிருந்து காட்சியைப் பார்க்க வேண்டும், தேவையான துண்டை மட்டும் எடுக்க வேண்டும், வெளியார் யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பது என்னிடம் வந்த வேலை. ஒரு ரூட்டர், ஒரு சிம், ஒரு விபிஎன் (இணையத்தின் ஊடே வெளியார் நுழைய முடியாதபடி போடும் தனி வழி) என்று தாளில் எழுதினால் மூன்றே சொற்கள். ஆனால் விபிஎன்னை அமைப்பதற்கு ஆன உழைப்பு சொற்பம். வண்டியின் மின்சாரம், ரூட்டரின் கடிகாரம், பாக்கெட்டின் (தரவு பயணிக்கும் சிறு பொட்டலத்தின்) அளவு ஆகிய மூன்றும்தான் உண்மையான உழைப்பைக் கேட்டன. அதனால் அவற்றைப் பற்றியே இங்கே அதிகம் எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. பொருத்தி முடித்த பிறகு, சிறு கோளாறுக்காக யாரும் அந்த வண்டியில் ஏற வேண்டிய நிலை வரக் கூடாது. வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவதே ஒரு நாள் வேலை. கீழே சொல்லும் முடிவுகள் பெரும்பாலும் இந்த விதியிலிருந்து வந்தவை.

மின்சாரம்

வீட்டு ரூட்டரை 12 வோல்ட் மாற்றியோடு வண்டியில் வைத்து ஓட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில வாரம் ஓடவும் செய்யும். ஆனால் வண்டியின் 12 வோல்ட் என்பது பெயரளவில்தான் 12. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் நொடியில் 7, 8 வோல்ட்டுக்குக்கூடச் சரியும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் அதைவிடப் பல மடங்கு உயரத்துக்குத் துள்ளும். இந்தத் துள்ளல்களை எப்படிச் சோதிப்பது என்பதற்கென்றே ஐஎஸ்ஓ 7637, ஐஎஸ்ஓ 16750 என்ற தரநிலைகள் இருக்கின்றன. ரூட்டரின் விவரத் தாளில் 9 முதல் 36 வோல்ட் வரை போன்ற அகலமான உள்ளீட்டு எல்லையும் இந்தத் தரநிலைகளின் பெயரும் இருக்கின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். எத்தனை ஜி, எத்தனை எம்பிபிஎஸ் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வண்டிக்கான ரூட்டருக்கு மூன்று ஒயர்கள்: பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் நேர்முனை, எர்த், சாவி திறந்திருக்கிறதா என்று ரூட்டருக்குச் சொல்லும் இக்னிஷன் உணர்வு. ஃபியூஸ் பெட்டியிலோ வண்டியின் ஒயரிங் வரைபடத்திலோ 30, 31, 15 என்ற எண்கள் இருந்தால் வேலை எளிது. ஜெர்மானியத் தரநிலையான டிஐஎன் 72552இன்படி 30 என்பது பேட்டரி நேர்முனை, 31 என்பது எர்த், 15 என்பது சாவியைத் திருப்பினால் உயிர் பெறும் முனை. ஒயரின் நிறத்தை மட்டும் நம்பி எதையும் இணைக்கக் கூடாது. இடையில் யாராவது ஒலிபெருக்கியோ விளக்கோ பொருத்தியிருப்பார்கள்; நிறங்கள் மாறியிருக்கும். சாவி நிறுத்தத்தில், சாவி திறப்பில், இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் என மூன்று நிலையிலும் மல்டிமீட்டரை வைத்து அளந்த பிறகுதான் இணைத்தேன். சில முனைகள் சாவி திறந்தவுடன் உயிர் பெற்று, ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் செத்துவிடும். அத்தகைய முனையில் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ரூட்டர் அணைந்து எழும். ரேடியோவுக்குப் போகும் முனைகள் பல இந்த வகை.

நேர்முனை ஒயரில் ஃபியூஸைப் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது ரூட்டரையல்ல, அதற்குப் போகும் ஒயரை. ஒயர் எங்காவது உரசி உடலில் பட்டால், ஃபியூஸுக்கு முன்னால் உள்ள நீளம் முழுவதும் தீக்கு இரையாகலாம். ஒயர் முனைகளை ஈயத்தால் பற்றவைக்காமல் கிரிம்ப் செய்தேன், அதாவது உலோக முனைக்குள் வைத்து நசுக்கி இறுக்கினேன். ஈயம் ஊறிய இடத்துக்கும் ஊறாத இடத்துக்கும் நடுவில் ஒயர் விறைத்துப்போகிறது. அதிர்வில் சரியாக அங்கேதான் முறியும்.

இக்னிஷன் ஒயர் எதற்கு, சாவியோடு சேர்த்தே எல்லாவற்றையும் அணைத்துவிடலாமே என்று கேட்கலாம். வண்டி நின்றவுடன் பதிவுக்கருவிக்குக் கோப்பை மூடிவைக்க நேரம் வேண்டும், மீதமுள்ள துண்டுகளை அனுப்பவும் நேரம் வேண்டும். மறுபுறம், அணைக்காமல் விட்டுவிடவும் முடியாது. ரூட்டர், பதிவுக்கருவி, கேமராக்கள் எல்லாம் சேர்ந்து 1 ஆம்பியர் இழுத்தால் வார இறுதியின் இரண்டு நாட்களில் 48 ஆம்பியர் மணி போய்விடும். 60 ஆம்பியர் மணி பேட்டரி திங்கட்கிழமை காலையில் இன்ஜினைச் சுழற்றாது. அப்போது பழி கேமராவின் மீது விழும், அது நியாயமும்கூட. சாவியை எடுத்த பின் 30 நிமிடம் விழித்திருந்துவிட்டு அணையும்படியும், பேட்டரி மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் நேரம் பாராமல் உடனே அணையும்படியும் அமைத்தேன்.

வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டு மேல் பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். ரூட்டரை அங்கே வைக்காதீர்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பயணிகளின் கையும் தண்ணீரும் எட்டாத இடத்தில், காற்றோட்டத்தோடு வைத்தேன். சிம் செருகும் இடம் கீழ்நோக்கி இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆண்டெனா

கூரை உலோகம் என்பது வரம். அதன் நடுவில் வைத்த ஆண்டெனாவுக்குச் சுற்றிலும் தடையில்லை, அடியில் சிக்னலைப் பிரதிபலிக்கும் நல்ல உலோகத் தளமும் கிடைக்கிறது. கேபிள்தான் கவனிக்க வேண்டியது. மெல்லிய கேபிள் 2 ஜிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 1 டெசிபெல்லுக்கு மேல் தின்றுவிடும்; 5 மீட்டரில் பாதிக்கும் மேற்பட்ட சிக்னல் காற்றில் கரைந்துவிடும். எனவே கேபிளை வேண்டிய நீளத்துக்கு மட்டும் விட்டேன், மிஞ்சியதைச் சுருட்டிவைக்கவில்லை. மொபைலுக்கு இரண்டு முனைகள், ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. மொபைலும் ஜிபிஎஸ்ஸும் எஸ்எம்ஏ எனும் திருகு முனை வகை, வைஃபை பெரும்பாலும் ஊசியும் துளையும் இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ வகை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று திருகிக்கொள்ளும், ஆனால் நடு ஊசி இருக்காது. இறுக்கமாகத் திருகியிருந்தும் சிக்னல் வரவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

முகவரித் திட்டம்

பதிவுக்கருவிகள் எல்லாம் ஒரே தொழிற்சாலை முகவரியோடு வருகின்றன. ஒரு வண்டி என்றால் தொல்லை இல்லை. பல வண்டிகளை ஒரே சர்வருக்குக் கொண்டுவரும்போது எல்லா வண்டியும் 192.168.1.0 என்றால் சர்வர் எந்த வண்டிக்கு அனுப்பும்? அதனால் வண்டி எண்ணையே முகவரியாக்கினேன். 7ஆம் வண்டியின் உள்வலை 10.60.7.0/24, அதாவது 10.60.7 என்று தொடங்கும் முகவரிகள். எந்த வண்டியிலும் பதிவுக்கருவி 20 என்று முடியும், கேமராக்கள் 31 முதல் 34 வரை. விபிஎன்னுக்குள் ரூட்டரின் முகவரி 10.61.0.7. அலுவலகத்தில் இருப்பவர் எந்த அட்டவணையையும் புரட்ட வேண்டியதில்லை. வண்டி எண் தெரிந்தால் முகவரி தெரிந்துவிடும். முகவரியை மாற்றவே இடம் தராத பழைய பதிவுக்கருவிக்கு மட்டும் ரூட்டரில் ஒன்றுக்கு ஒன்றாக முகவரி மாற்றும் விதியை எழுதினேன்.

வெளியிலிருந்து வண்டியை நேரடியாக அழைக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் சிம்முக்குப் பொது முகவரி தருவதில்லை; ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. 100.64 என்று தொடங்கும் முகவரி ரூட்டரில் தெரிந்தால் அது இந்த ஏற்பாட்டின் அடையாளம். 2012இல் இதற்கென்றே அந்த வரிசை ஒதுக்கப்பட்டது. எனவே அழைப்பு எப்போதும் வண்டியிலிருந்துதான் புறப்பட வேண்டும். பொது முகவரியுள்ள சிம்மை வாங்கி, பதிவுக்கருவியின் போர்ட்டை (வலை வாசலை) இணையத்துக்குத் திறந்துவிடும் வழியும் இருக்கிறது. அதை நான் செய்ய மாட்டேன், யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது இப்படித் திறந்து கிடந்த கேமராக்கள், பதிவுக்கருவிகள், வீட்டு ரூட்டர்கள் வழியாகத்தான். அதன் கையில் இருந்த ஆயுதம், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களின் ஒரு சிறு பட்டியல்.

வயர்கார்டு

விபிஎன்னுக்கு வயர்கார்டு என்ற மென்பொருளைத் தேர்ந்தேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையக் கருவான கெர்னலின் 5.6ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2020 மார்ச்சிலிருந்து, அது கெர்னலிலேயே இருக்கிறது. ஓடும் வண்டிக்கு அதன் ஒரு குணம் மிகவும் பொருந்துகிறது: மறுமுனையை அது முகவரியால் அடையாளம் காண்பதில்லை, மறையாக்கச் சாவியால் (ரகசிய எண்ணால்) காண்கிறது. வண்டி ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி முகவரி மாறினாலும், பணிமனையில் வைஃபைக்குத் தாவினாலும், அடுத்த பாக்கெட் போய்ச் சேர்ந்தவுடன் சர்வர் புதிய இடத்தைக் குறித்துக்கொள்கிறது.

ஒவ்வொரு ரூட்டரிலும் அதற்கான தனிச் சாவியை அந்த ரூட்டரிலேயே உருவாக்கினேன். அதன் இணையாக வெளியே கொடுக்கக்கூடிய பொதுச் சாவி மட்டுமே சர்வருக்கு வந்தது. வண்டி களவு போனால் சர்வரில் அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும். தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க ரூட்டர் அனுப்பும் சிறு பாக்கெட்டான உயிர்த்துடிப்பின் இடைவெளியை 25 நொடி என வைத்தேன். மொபைல் நிறுவனத்தின் பங்கீட்டுக் கருவி, சத்தமில்லாத யுடிபி தொடர்பை (வந்து சேர்ந்ததா என்று உறுதி கேட்காமல் பாக்கெட் அனுப்பும் முறை; வயர்கார்டு இதைத்தான் பயன்படுத்துகிறது) சீக்கிரம் மறந்துவிடும். மறந்துவிட்டால் அலுவலகத்திலிருந்து போகும் அழைப்பு வண்டியை எட்டாது.

எந்த வலை எந்தச் சாவிக்கு உரியது என்று சொல்லும் அனுமதி முகவரிகளைச் சர்வரில் எழுதும்போது கவனம் தேவை. ஒரே வலையை இரண்டு வண்டிகளுக்கு எழுதிவிட்டால் வயர்கார்டு பிழை எதுவும் காட்டாது. கடைசியாக எழுதிய வண்டிக்கு அதை மாற்றிக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும். முதல் வண்டி காரணமே தெரியாமல் ஊமையாகிவிடும். இதற்காகவே அமைப்புக் கோப்புகளைக் கையால் எழுதாமல், வண்டி எண்ணைக் கொடுத்தால் கோப்பு தரும் ஒரு சிறு நிரலை எழுதி வைத்துக்கொண்டேன்.

கடிகாரம்

மேசையில் எல்லாம் ஓடியது. வண்டியிலும் பகல் முழுவதும் ஓடியது. ஆனால் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் சில வண்டிகள் விபிஎன்னில் வரவில்லை. சிக்னல் நன்றாக இருந்தது. ரூட்டருக்கு இணையமும் இருந்தது. குறுகிய நிறுத்தங்களுக்குப் பிறகு ஒருபோதும் இந்தச் சிக்கல் வரவில்லை, நெடுநேர நிறுத்தத்துக்குப் பிறகு மட்டுமே வந்தது.

சர்வரில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன். வண்டியிலிருந்து 148 பைட் அளவில் கைகுலுக்கல் (தொடர்பைத் தொடங்கும் முதல் பரிமாற்றம்) வேண்டுகோள் வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு 92 பைட் பதில் போக வேண்டும். போகவில்லை. வண்டி கதவைத் தட்டுகிறது, சர்வர் கேட்டும் கேட்காததுபோல இருக்கிறது. சாவி தவறென்றால் நேற்று எப்படி வேலை செய்தது? சர்வரில் வயர்கார்டு இடைமுகத்தை அணைத்துப் போட்டதும் அந்த வண்டிகள் எல்லாம் உடனே உள்ளே வந்துவிட்டன. இதுதான் துப்பு. சர்வர் எதையோ நினைவில் வைத்துக்கொண்டு வண்டியை மறுக்கிறது.

நினைவில் இருந்தது நேரம். வயர்கார்டின் முதல் கைகுலுக்கலில் அனுப்புபவரின் நேர முத்திரை இருக்கும். பழைய பாக்கெட்டை யாரேனும் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றாமல் இருக்க, ஒவ்வொரு சாவியிடமிருந்தும் கடைசியாக வந்த முத்திரையைச் சர்வர் குறித்துக்கொள்ளும்; அதற்குப் பிந்திய முத்திரையை மட்டுமே ஏற்கும். இந்த ரூட்டர்களில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி இல்லை. 30 நிமிடக் கெடு முடிந்து முழுவதும் அணைந்து மறுநாள் எழும்போது, அமைப்புக் கோப்புகளில் ஆகப் புதியது எந்தத் தேதியில் எழுதப்பட்டதோ அந்தத் தேதியிலிருந்து நேரத்தைத் தொடங்குகிறது. அதாவது, கடந்த காலத்திலிருந்து கதவைத் தட்டுகிறது.

சாதாரணமாக இணைய நேரச் சேவை சில நொடிகளில் இதைச் சரிசெய்துவிடும். இங்கே செய்யவில்லை, ஏனென்றால் வண்டியிலிருந்து வெளியேறும் போக்குவரத்து முழுவதும் விபிஎன் வழியாகவே போக வேண்டும் என்ற பாதுகாப்பு விதி ரூட்டருக்கும் பொருந்தியது. நேரம் கேட்க விபிஎன் வேண்டும்; விபிஎன் எழ நேரம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. சில வண்டிகள் மட்டும் தப்பியதற்கும் விளக்கம் கிடைத்தது: அவற்றின் ரூட்டர்கள் ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுக்கும்படி அமைந்திருந்தன.

தீர்வு இரண்டு அடுக்கு. முதலாவதாக, கேமரா வலையிலிருந்து வருவது மட்டும் விபிஎன்னில் போகும்; ரூட்டர் தனக்காகக் கேட்கும் நேரமும் பெயர்த் தேடலும் மொபைல் இணைப்பில் நேரடியாகப் போகும். இரண்டாவதாக, எல்லா ரூட்டரிலும் ஜிபிஎஸ் நேரத்தை இயக்கினேன். ஜிபிஎஸ் நேரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதன் வார எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். பழைய ஏற்பிகள் சில அப்போது ஏறத்தாழ 20 ஆண்டு பின்னால் போயின. நேரம் பின்னால் போனால் சரிசெய்யும்வரை வண்டி வராது. தப்பித் தவறி எதிர்காலத்துக்குப் போய் ஒருமுறை கைகுலுக்கிவிட்டால் சிக்கல் இன்னும் பெரியது: பிறகு நேரத்தைச் சரியாக்கினாலும் அந்த எதிர்கால நாள் வரும்வரை சர்வர் மறுக்கும். அப்படி நேர்ந்தால் சர்வரில் அந்த வண்டியின் சாவியை நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்க வேண்டும். பழைய முத்திரை அதோடு போய்விடும்.

கடிகாரத்தில் நான் இவ்வளவு நேரம் செலவிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விபத்து நடந்தால் காட்சியின் மூலையில் ஓடும் நேரம்தான் சான்று. பதிவுக்கருவியும் கேமராக்களும் நேரத்தை ரூட்டரிடமிருந்தே வாங்கும்படி செய்தேன். நான்கு கேமராவில் நான்கு நேரம் ஓடினால் அந்தப் பதிவை யாரும் நம்ப மாட்டார்கள்.

பாக்கெட்டின் அளவு

அடுத்தது: பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு சோதனைப் பாக்கெட்) போகிறது, பதிவுக்கருவியின் உள்நுழைவுப் பக்கமும் வருகிறது, காட்சி மட்டும் கறுப்பாக நிற்கிறது. சின்னது போய்ப் பெரியது போகவில்லை என்றால் பாக்கெட்டின் அளவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஈதர்நெட்டின் வழக்கமான எல்லை 1500 பைட். வயர்கார்டு தன் உறைக்காக பழைய முகவரி முறையான ஐபிவி4இல் 60 பைட்டும் புதிய முறையான ஐபிவி6இல் 80 பைட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அதன் இயல்பான எல்லை 1420. ஆனால் இது வழி முழுவதும் 1500 கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வைத்த எண். மொபைல் வலைப்பின்னலின் உள்ளே வேறு உறைகளும் உண்டு. ரூட்டரிலிருந்து சர்வரின் பொது முகவரிக்கு, உடைக்கக் கூடாது என்ற குறியோடு பிங்கை அளவை மாற்றி மாற்றி அனுப்பினேன். 1372 போனது, அதற்கு மேல் போகவில்லை. தலைப்புகளுக்கான 28 பைட்டைச் சேர்த்தால் வழியின் எல்லை 1400. அதில் 80ஐக் கழித்து விபிஎன்னின் எல்லையை 1320 என்று வைத்தேன். ஐபிவி4க்கு 60 போதும் என்றாலும், சிம்மை மாற்றும் நாளில் மீண்டும் இந்த வேலை வேண்டாம் என்பதற்காகக் குறைவான எண்ணையே எடுத்தேன். டிசிபி (தொலைந்த பாக்கெட்டை மீண்டும் அனுப்பும் முறை) துண்டின் அளவையும் இதற்கேற்பக் குறைக்கும் விதியை ரூட்டரில் இயக்கினேன். கேமரா ஓட்டத்தை யுடிபியிலிருந்து டிசிபிக்கு மாற்றினேன். யுடிபியில் ஒரு பெரிய பாக்கெட் இரண்டாக உடைந்து ஒரு பாதி தொலைந்தால் மற்றப் பாதியும் வீண். முழுச் சட்டகம் சிதைந்து, திரையில் சாம்பல் கட்டங்கள் தெரியும்.

தரவுக் கணக்கு

2 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் ஒரு 1080பி ஓட்டம் மணிக்கு 0.9 ஜிபி. நான்கு கேமரா, 8 மணி நேரம் என்றால் நாளுக்கு 28.8 ஜிபி. ஒரு வண்டிக்கு. அலுவலகச் சுவரில் பெரிய திரை வைத்து எல்லா வண்டியையும் எப்போதும் ஓடவிட வேண்டும் என்ற விருப்பத்தை இந்த எண்ணைக் காட்டியே மறுத்தேன். நேரலைக்கு 256 கேபிபிஎஸ் அளவிலான தரம் குறைந்த துணை ஓட்டம் மட்டும், அதுவும் யாராவது திறந்தால்தான், 3 நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். முழுத் தரக் காட்சி வன்தட்டிலேயே இருக்கும். கடும் பிரேக், கதவுத் திறப்பு போன்ற நிகழ்வுகளின் துண்டுகள் மட்டும் மொபைலில் வரும். மீதி வேண்டுமென்றால் வண்டி பணிமனைக்கு வந்து வைஃபையில் சேர்ந்த பிறகு. எல்டிஇ (4ஜி) கேட்டகரி 4 என்ற வேக வகை ரூட்டரின் பெட்டியில் மேலேற்ற வேகம் 50 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். கோபுரத்தின் விளிம்பில் ஓடும் வண்டிக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கும். திட்டத்தை அந்த விளிம்பை வைத்தே போட வேண்டும்.

யார் பார்க்கலாம்

நான்கில் ஒரு கேமரா ஓட்டுநரைப் பார்க்கிறது. நாள் முழுவதும் ஒரு மனிதரின் முகம் அது. இதைத் தொழில்நுட்ப விவரமாக மட்டும் நினைத்துக் கடந்துபோக எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கேமராவின் நேரலையைப் பொதுக் கணக்கிலிருந்து நீக்கினேன். நிகழ்வுத் துண்டை மட்டும் பொறுப்பாளர் ஒருவர் எடுக்கலாம், எடுத்தது யார் எப்போது என்பது பதிவாகும். உள்ளே பேசுவதைப் பதியும் மைக்கை அணைத்துவிட்டேன். இந்த ஏற்பாட்டை ஓட்டுநர்களிடம் வண்டியிலேயே காட்டிச் சொன்னோம். வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர், “லென்ஸ்மேல் சேறு பட்டால் நானே துடைத்து வைக்கிறேன், தம்பி” என்றார். அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் லென்ஸ் மங்கியதாகப் புகார் வரவில்லை.

ரூட்டரின் தீயரணில் கேமரா வலைக்கு இரண்டு வழிகளை மட்டும் திறந்தேன்: விபிஎன் வழியே சர்வருக்கு, நேரத்துக்காக ரூட்டருக்கு. கேமராக்கள் தாமாக வெளியே எந்தச் சேவையையும் தேடிப் போக முடியாது. ரூட்டரின் நிர்வாகப் பக்கம் விபிஎன் முகவரியில் மட்டும் திறக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி. வயர்கார்டு சர்வரின் பெயரைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் முகவரியாக மாற்றிக்கொள்கிறது. சர்வரை வேறிடத்துக்கு மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். கைகுலுக்கல் சில நிமிடங்களாக நடக்காவிட்டால் பெயரை மீண்டும் தேடும் சிறு காவல் நிரல், ரூட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியில் தயாராகவே வருகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை அது ஓடும்படி செய்திருக்கிறேன். அதன் மேல் இன்னொரு காவலும் வைத்தேன்: அரை மணி நேரம் விபிஎன் இல்லையென்றால் மோடத்தை மட்டும் அணைத்துப் போடும், அதற்கும் அசையாவிட்டால் ரூட்டரையே மறுதொடக்கம் செய்யும். வண்டி சுரங்கப்பாதையிலோ சிக்னல் இல்லாத மலைச்சாலையிலோ இருக்கும்போது தேவையில்லாமல் மறுதொடக்கம் ஆகாமல் இருக்க, சிக்னல் இருந்தால் மட்டுமே இந்த இரண்டாம் காவல் எண்ணத் தொடங்கும். அடுத்த வண்டியைப் பொருத்தும்போது மேசையில் செய்யும் கடைசிச் சோதனையையும் மாற்றிவிட்டேன்: ரூட்டரை முழுவதும் அணைத்து, ஓர் இரவு அப்படியே விட்டு, ஜிபிஎஸ் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு எழுப்ப வேண்டும். அப்போதும் தானாக விபிஎன்னில் வந்து நின்றால்தான் அந்த ரூட்டர் வண்டியில் ஏறும்.